பன்னிரண்டாவது கோட்டு

பட்டறையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஒழுகல். மலையேறப் போகிறவர்களுக்கு டென்ட்டும் ரெயின்கோட்டும் முதுகுப்பையும் வாடகைக்குக் கொடுக்கிற பட்டறை அது. கீழே கடை, மாடியில் தையல் மெஷின்கள், கொல்லையில் சேறு கழுவுகிற தொட்டி. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் தைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒருத்தியை ஒழுகல் என்று கூப்பிட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? கூடத் தைக்கிறவர்கள் கூப்பிட்டார்கள், எதிர்க்கடைக்காரன் கூப்பிட்டான், பார்சல் கொண்டுவருகிற வண்டிக்காரன்கூடக் கூப்பிட்டான். ஒரு நாள் வீட்டில் வாளி ஒழுகியபோது வீட்டுக்காரரே வாய்தவறி ஒரு கிண்டல் அடித்துவிட்டார். நாலு நாள் அவருக்கு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை.

அந்தப் பெயர் வந்த கதை இது. பட்டறையில் பழுது கண்ட சாமானின் ஜிப்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு நூல் கட்டுவார்கள். சிவப்பு நூல் தொங்கினால் அது ஒழுகும், வாடகைக்குப் போகக் கூடாது, தையலுக்குத் திரும்பி வர வேண்டும். சட்டம் அவ்வளவுதான். கட்டுவது அவள் வேலை. ஜன்னலோரம் இருந்த பெரிய மேஜையில் ஒவ்வொரு டென்ட்டையும் உள்புறம் வெளியே வரும்படி தொங்கவிட்டு, தண்ணீர் ஊற்றி, தையல் தையலாக விரலை ஓட்டிப் பார்ப்பாள். அவள் விரலுக்குத் தப்பி ஒரு ஊசி ஓட்டைகூடப் போனதில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், விடுமுறைக் கூட்டம் நெருக்கியடித்த ஒரு வாரத்தில், கீழே சாமான் அறைச் சாவி வைத்திருந்த ஸ்டோர்காரர் ஒரு டென்ட்டிலிருந்து சிவப்பு நூலை வெட்டிப் போட்டுவிட்டு அதை வாடகைக்குக் கொடுத்துவிட்டார். வாங்கிப் போன குடும்பம் மலையில் விடிய விடிய நனைந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரி. குழந்தையின் அப்பா மாடி ஏறி வந்து மேஜையை எட்டி உதைத்துக் கத்தியபோது, ஸ்டோர்காரர் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நூலே இல்லையென்று சத்தியம் செய்தார். முதலாளியம்மா யாரை நம்புவார்? தன் புருஷன் காலத்திலிருந்து சாவி வைத்திருக்கிறவரைத்தான் நம்பினார். அதுவரை அவள் அந்த மனுஷனை வாய்நிறைய அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூடத் தேவலை. தொட்டிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் சேறு கழுவினாள், கை வெடித்து ரத்தம் கசிந்தது. பிறகு மூலையில் ஒரு பழைய மெஷினைக் கொடுத்தார்கள். ஜன்னலோர மேஜை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மேஜை யாருக்குப் போனது தெரியுமா? ஸ்டோர்காரருக்கே போனது. பழுது கண்டால் அவள் நூல் கட்டலாம், ஆனால் கடைசி வார்த்தை அவருடையது. அவர்தான் முதலில் ஒழுகல் என்று கூப்பிட்டவரும். "ஏ ஒழுகலு, அந்தக் கோட்டை எடு" என்பார், எல்லாரும் சிரிப்பார்கள்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆனால் மெஷின் திரும்பக் கிடைத்த நாளிலிருந்து அவள் கை ஒரு வேலையைச் சேர்த்துச் செய்தது. சிவப்பு நூல் கட்டுகிற ஒவ்வொரு சாமானிலும், கோட்டாக இருந்தால் கழுத்துப்பட்டிக்கு உள்ளே, டென்ட்டும் பையுமானால் லேபிளுக்குக் கீழே, அதே சிவப்பு நூலில் அரிசி அளவுக்கு மூன்று தையல் போட்டாள். ஜிப்பில் இருப்பதை வெட்டலாம், இது யாருக்குமே தெரியாது. பழுதை அடைத்த பிறகு அவளே அதைப் பிரித்துவிடுவாள். ஏழு வருஷத்தில் மூன்று தடவை, வெளி நூல் இல்லாமல் உள் தையலோடு வாடகைக்குப் போய்த் திரும்பி வந்த சாமானை அவள் பார்த்தாள். மூன்று தடவையும் வாயை மூடிக்கொண்டு பழுதை அடைத்தாள். சொல்லியிருந்தால், கழுவும்போது நூல் அறுந்திருக்கும் என்று அவர் மழுப்பியிருப்பார். தனியாக மடக்குவதில் அவளுக்கு என்ன லாபம்? எல்லார் முன்னாலும் அந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கறுவிக்கொண்டு கிடக்க அவள் தயாராக இருந்தாள்.

முதலாளியம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. டென்ட் தைக்கிறவர்களும் கழுவுகிறவர்களும் வருஷத்தில் இரண்டு இரவாவது அதே டென்ட்டில் மலையில் படுத்து எழுந்திருக்க வேண்டும், அப்போதுதான் தைக்கிற கைக்குப் பயம் இருக்கும் என்பார். சீசன் முடிந்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் போவார்கள். யாராவது ஒருத்தர் காவலுக்கு இருக்க வேண்டும், ஒன்பது வருஷமும் நான் இருக்கிறேன் என்று இவள்தான் கையைத் தூக்கினாள். இந்த வருஷம் தூக்கவில்லை.

காரணம் இருந்தது. சீசன் கடுமையாக இருந்ததில் நல்ல கோட்டு பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்தது. போகிற ஆள் பன்னிரண்டு. பதின்மூன்றாவதாக ஒரு கோட்டு, தோள்பட்டையில் தையல்மேல் ஒட்டுகிற டேப் உரிந்து அவளிடம் பழுதுக்கு வந்திருந்தது. அவள் நல்ல கோட்டில் ஒன்றை மடித்துத் தன் முதுகுப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள். மீதிப் பதினொன்றோடு பழுதான கோட்டைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கி ஸ்டோருக்கு இறக்கினாள். பழுதான கோட்டின் ஜிப்பில் சிவப்பு நூலைக் கட்டி, அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். கண்ணில் படவில்லை என்று அவர் நாளைக்குச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

நியாயமாக நடக்கிற ஆளாக இருந்தால் மாடி ஏறி வந்து, ஒரு கோட்டு குறையுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் அவள் தோற்றுப்போய்ப் பையிலிருந்ததை எடுத்து நீட்டியிருப்பாள். சாயங்காலம் வரை படிக்கட்டில் காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஏறி வரவில்லை. மறுநாள் காலை ஸ்டோர் வாசல் குப்பைக் கூடையில் ஒரு சாண் சிவப்பு நூல் கிடந்தது. எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

அன்றைக்கே மலைக்குப் போய், ஓடைக்கரையில் சமதரையாக இருந்த ஓர் இடத்தில் டென்ட் அடித்தார்கள். மறுநாள் காலை கிளம்பி, மலை விளிம்பு வரை நடந்து, சாயங்காலத்துக்குள் திரும்புவதாகப் பேச்சு. காலையில் ஸ்டோர்காரர் ஒவ்வொருத்தர் பை மேலும் ஒரு கோட்டாக வைத்துக்கொண்டு போனார். அவர் மகளும் வந்திருந்தாள். பத்தொன்பது வயசு, பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறவள், இரண்டு மாதமாகக் கடையில் ரசீது எழுதுகிறாள். வந்த முதல் நாளே இவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் முகம் சுருங்கியதை அவள் கவனிக்கவில்லை. இவளும் முதலில் வெடுக்கென்றுதான் பதில் சொன்னாள். ஆனால் அந்தப் பெண் விடுகிற ரகம் இல்லை. மதியச் சாப்பாட்டை மாடிக்கே எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், ஊசி கோக்கக் கண் தெரியாமல் இவள் திணறினால் வாங்கிக் கோத்துக் கொடுப்பாள். பட்டறையில் ஒழுகல் என்று கூப்பிடாத ஒரே வாய் அதுதான்.

கிளம்பும்போது தூறல். கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். போட்டதும் அவள் முதல் வேலையாகக் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். தையல் இல்லை. அப்படியானால் யாருக்குக் கொடுத்திருக்கிறார்? தொட்டியில் கழுவுகிறவர் தலையிலா, பார்சல் கட்டுகிறவர் தலையிலா? எவர் தலையில் கட்டியிருந்தாலும் சரி, மழை பிடிக்கட்டும், நனைகிற ஆளைக் கண்டுபிடித்து நடுவில் நிறுத்திக் கழுத்துப்பட்டியைத் திருப்பிக் காட்ட வேண்டியதுதான். ஒரு மணி நேரம் நனைந்தால் யாரும் செத்துப்போய்விட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வானம் அன்றைக்கு யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. அரை மணி நேரத்தில் தூறல் நின்று சுள்ளென்று வெயில் அடித்தது, எல்லாரும் கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். வேர்த்து வழிந்து ஒரு மேட்டை ஏறி முடிப்பதற்குள் பனிமூட்டம் வந்து முன்னால் போகிறவர் முதுகை மறைத்தது. மறுபடி வெயில். கடைசி மரங்கள் நின்ற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது காற்று திசை மாறி, பல்லில் கூச்சம் எடுக்கிற மாதிரிக் குளிர்ந்தது. மறுபடி கோட்டு. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, முடியை அள்ளி முடிந்துகொள்ளக் குனிந்தாள். கழுத்துப்பட்டி புரண்டது. மூன்று சிவப்புத் தையல்.

அவள் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள். பெற்ற மகளுக்கா கொடுத்தான் அந்த ஆள்? இருக்கவே முடியாது. கோட்டு அளவு சரியாக இருக்கிறதா என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"உங்க பை மேல வெச்சிருந்தது சின்னது அத்தை, உங்களுக்குக் கை நீளம் பத்தாது. அதான் என்னோடதை அங்க வெச்சுட்டு இதை நான் எடுத்துக்கிட்டேன்."

அப்படியென்றால் அது அவளுக்கு வைத்தது. பன்னிரண்டு பேரில் பொறுக்கி எடுத்து அவளுக்கு. குழந்தை நனைந்த பழியையும் அவள் தலையில் போட்டு, மேஜையையும் பிடுங்கிக்கொண்டு, ஒன்பது வருஷம் கழித்து நனைவதற்கும் அவளையே தேடியிருக்கிறான்!

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பையைத் திறந்தால் நல்ல கோட்டு, அந்தப் பெண்ணுக்கு மாட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நனையாத கோட்டை வைத்து எதை நிரூபிப்பது? அந்த ஆள் சிரித்தே ஊதித் தள்ளிவிடுவார். அவள் டப்பாவை மூடினாள், பையின் வாரை இறுக்கினாள், எழுந்து அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நடந்தாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சீக்கிரம் வா என்று மனசுக்குள் அதைக் கூப்பிட்டாள். இதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை, கூப்பிடத்தான் செய்தாள்.

மேகம் வந்தது. மொட்டை விளிம்பில், ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத இடத்தில், முதலில் மிளகு மிளகாக ஆலங்கட்டி, பின்னாலேயே மழை. காற்று மழையைப் பக்கவாட்டில் அடித்தது. ஒரு பெரிய பாறையின் மறைவு வரைக்கும் முக்கால் மணி நேரம் குனிந்துகொண்டே நடந்தார்கள். அவள் கண் அந்தப் பெண்ணின் வலது தோளை விட்டு அகலவில்லை. தோளோரம் கறுத்தது, கறுப்பு முதுகில் இறங்கியது. அந்தப் பெண் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, குளிருது அத்தை என்று சிரித்தாள். இன்னும் கொஞ்சம்தான் நட என்றாள் இவள்.

பாறைக்கடியில் எல்லாரும் நெருக்கியடித்து நின்றபோது அந்தப் பெண்ணின் உதடு நீலம் பாரித்திருந்தது. பேச வாயெடுத்தால் பல்தான் அடித்துக்கொண்டது. ஸ்டோர்காரர் பதறிப்போய்க் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகளிடம் வந்தார். இவள் முதலாளியம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, இந்தப் பொண்ணு போட்டிருக்கறது நான் சிவப்பு நூல் கட்டின கோட்டு."

முதலாளியம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பன்காரர் மகளின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டார். ஈரம் கையில் பட்டதும் அவருக்குப் புத்தி எங்கே நின்றது?

"அதை ஏன்டி நீ எடுத்தே? அது ஒழுகலுக்கு எடுத்து வெச்சதுடி!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது அவருக்கு. எடுத்து வைத்ததா என்று முதலாளியம்மா மெதுவாகக் கேட்டார். அவர் திருட்டு முழி முழித்தார். நூல் இல்லையே, நான் பார்க்கும்போது நூல் இல்லையே என்று பழைய பாட்டையே ஆரம்பித்தார். அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து நூலைக் காட்டினாள், குப்பைக் கூடையில் எடுத்ததைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் கழுத்துப்பட்டியைத் திருப்பி மூன்று தையலைக் காட்டினாள். ஏழு வருஷமாகப் பழுதான ஒவ்வொரு சாமானிலும் அதைப் போட்டு வருவதைச் சொன்னாள். பட்டறைக்காரர்கள் அவரவர் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள், யார் கோட்டிலும் இல்லை. ஸ்டோர்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். "அந்தக் குழந்தை நனைஞ்ச டென்ட்டுல நூல் இருந்துச்சா, இல்லையா?"

அவர் முதலாளியம்மாவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். மகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"இருந்துச்சு. நான்தான் வெட்டினேன்."

முதலாளியம்மா கையை நீட்டினார். சாவிக்கொத்து கை மாறியது. சாவிகள் கிணுகிணுவென்று அடித்துக்கொண்ட சத்தத்தை அவள் நன்றாகக் கேட்டாள். பிறகு ஸ்டோர்காரர் தன் கோட்டைக் கழற்றி மகளுக்குப் போர்த்திவிட்டு, ஒழுகுகிற கோட்டைத் தான் மாட்டிக்கொண்டார். கீழே இறங்க மூன்று மணி நேரம். மழை விட்டபாடில்லை.

அவள் வேண்டுமென்றே அவருக்கு நேர் பின்னால் நடந்தாள். அவர் தோள் கறுப்பதைப் பார்த்தாள், முதுகு கறுப்பதைப் பார்த்தாள், சறுக்குகிற இடங்களில் கால் தடுமாறி அவர் கையை ஊன்றுவதைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயசு ஆள். பின்னால் வந்த ஒருத்தர் பாவம் என்று முணுமுணுத்தார். பாவமாம். தொட்டியில் இரண்டு வருஷம் அவள் கை வெடித்தபோது இந்தப் பாவம் எங்கே போயிருந்தது? ஒவ்வோர் அடியும் அவளுக்கு இனித்தது. பையின் அடியில் பன்னிரண்டாவது கோட்டு காய்ந்தபடி முதுகில் உறுத்திக்கொண்டே வந்தது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்று சொன்னால் பொய்.

டென்ட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மிச்சம் இருந்தது, மேற்கே வெயில்கூட எட்டிப் பார்த்தது. தொட்டியில் கழுவுகிறவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, நீங்க உட்காருங்க, நான் தண்ணி கொண்டுவரேன் என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததை மறைக்கக் குனிந்து அடுப்பைப் பற்றவைக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் தலை சொட்டச் சொட்டப் பக்கத்தில் வந்து நின்றாள். வெட்கத்தில் அவளுக்கு முகம் நிமிரவில்லை. அப்பா செஞ்சதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன் அத்தை என்றாள். இவளுக்கு மனசு இளகிப் போயிற்று. உன்மேல என்னடி தப்பு என்று அதட்டினாள். முதல்ல தலையைத் துவட்டு, என் பைக்குள்ள காய்ஞ்ச துண்டு இருக்கு, எடுத்துக்கோ என்றாள்.

ஒன்பது வருஷம் ஒரு நூல் பிசகாமல் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. பாசத்தில் வாய் முந்திக்கொண்டுவிட்டது. அடுப்பு பற்றிக்கொண்டு, அவள் நிமிர்ந்து பார்க்கும்போது அந்தப் பெண் டென்ட் வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். துண்டு மடியில் கிடந்தது. கையில் மடிப்புக் கலையாத கோட்டு இருந்தது. அதன் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தையல் இல்லை.

"இது காலையிலேருந்து உங்க பையிலதான் இருந்துச்சா?"

பொய் சொல்ல எவ்வளவோ வழி இருந்தது. தெரியாமல் மாட்டிக்கொண்டது என்று சொல்லலாம், இன்னொருத்தருடையது என்று சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"ஆமா."

"நான் நனையறப்பவும்?"

"ஆமா."

அந்தப் பெண் கோட்டை இருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்தாள். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். துண்டை மேலே வைத்துவிட்டு, ஈரத் தலையோடு, ஓடைக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். யாரிடமும் எதையும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

இப்போது ஜன்னலோர மேஜை அவளுடையது. சாவிக்கொத்தும் அவள் இடுப்பில்தான் தொங்குகிறது. ஸ்டோர்காரர் வேலையை விட்டு நின்றுவிட்டார். வீட்டுச் செலவுக்காக மகள் மட்டும் கடையில் ரசீது எழுதுகிறாள், மதியச் சாப்பாட்டைக் கீழேயே முடித்துக்கொள்கிறாள். கண் தெரியாமல் ஊசி கோக்க இவள் படுகிற பாட்டைப் பார்த்து, ஊசியில் நூல் ஏற்றுகிற ஒரு சின்னக் கருவியை முதலாளியம்மா வாங்கிக் கொடுத்திருக்கிறார். பட்டறையில், எதிர்க்கடையில், பார்சல் வண்டியில் எல்லாரும் அவள் பெயரைச் சொல்லி, மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஒழுகல் என்ற வார்த்தை அந்தத் தெருவிலேயே இல்லை. அத்தை என்பதும் இல்லை. ஏதாவது கோட்டு வேண்டுமென்றால் அந்தப் பெண் படிக்கட்டில் பாதி ஏறி வந்து நின்று, யாரையும் பார்க்காமல், இன்ன கோட்டு வேண்டும் என்று மட்டும் சொல்லுகிறாள். இவள் எடுத்துக் கொடுக்கிறாள். அதை வாங்கிக்கொண்டதும், நின்ற இடத்திலேயே, அந்தப் பெண் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறாள்.